லைட் எரியுது, ஆனா நெட் வரலை: ஒயர் இணைப்புக் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

காலையில் ஏழு மணிக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். "தம்பி, நெட் வரலை. ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டோம்." முதல் செய்தியைவிட இரண்டாவது செய்திதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். கம்ப்யூட்டர்களை ஒயரால் ஒன்றுசேர்க்கும் பெட்டிதான் ஸ்விட்ச். பெரும்பாலான ஸ்விட்சுகள் தங்கள் லாக்கை, அதாவது நடந்ததை எழுதி வைக்கும் குறிப்பை, கரண்ட் போனால் அழியும் ரேமில்தான் வைத்திருக்கின்றன. கரண்டைப் பிடுங்கினால் எந்த போர்ட் (ஒயர் செருகும் துளை) எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை பிழை எண்ணப்பட்டது என்பதெல்லாம் துடைத்துப் போய்விடும். திருட்டுப் போன வீட்டைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டுவிட்டு போலீசைக் கூப்பிடுகிற மாதிரி.

காரைக்குடியில் இருந்துகொண்டு புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றி வேலை பார்க்கிறேன். அரிசி ஆலை, நகைக்கடை, கல்லூரி லேப், தங்கும் விடுதியாக மாறிய பழைய வீடுகள் என்று எல்லாமும் உண்டு. வைஃபை கோளாறு தனிக்கதை, அதை இன்னொரு நாள் பார்க்கலாம். இங்கே ஒயர் மட்டும்.

ஒரு கம்ப்யூட்டர் ஒயர் வழியாக நெட்வொர்க்கில் சேர வேண்டுமானால் வரிசையாகச் சில காரியங்கள் நடக்க வேண்டும். லிங்க், அதாவது ஒயரின் இரு முனைக்கும் நடுவே தொடர்பு, எழும்ப வேண்டும். ஸ்விட்ச் போர்ட் வழிவிட வேண்டும். அடையாளம் கேட்கிற இடமென்றால் அதில் தேற வேண்டும். ஐபி (நெட்வொர்க்கில் அந்த மெஷினின் முகவரி) கிடைக்க வேண்டும், வெளியே போகும் வாசலான கேட்வேயை எட்ட வேண்டும், கடைசியாக வெப்சைட் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதில் சொல்ல வேண்டும். எந்தப் படியில் வண்டி நின்றது என்பதை அறிகுறியே காட்டிக் கொடுக்கும். அதனால் போனிலேயே மூன்று கேள்வி கேட்டுவிடுவேன். ஒயர் செருகிய இடத்தில் லைட் எரிகிறதா? ஒரு மெஷினுக்கு மட்டுமா, எல்லாருக்குமா? நேற்று யாராவது எதையாவது நகர்த்தினீர்களா? மூன்றாவதற்கு "ஒண்ணுமே பண்ணலையே" என்றுதான் பதில் வரும். அதை நான் நம்புவதில்லை.

லைட்டே எரியவில்லை

இதுதான் இருப்பதிலேயே சுலபம். நன்றாக இருப்பது தெரிந்த ஒரு பேட்ச் கார்டை (இரு முனையிலும் பிளக் உள்ள குட்டை ஒயர்) மாற்றிச் செருகிப் பாருங்கள். எரியவில்லையா, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்விட்ச் இருக்கும் இடத்துக்கே போய் அதே போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். அங்கே எரிந்தால் நடுவில் இருக்கும் கேபிளில் கோளாறு. அங்கேயும் எரியாவிட்டால் போர்ட் செத்திருக்கலாம், அல்லது ஸ்விட்சே அதை மூடி வைத்திருக்கலாம். அமைப்புகளைப் பார்த்து மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் என்றால் உள்ளே நுழைந்து போர்ட்டின் நிலையைப் பாருங்கள். பாதுகாப்பு விதியை மீறியது என்று ஸ்விட்ச் தானாகவே மூடிய போர்ட், 'எர்ர் டிசேபிள்' என்று நிற்கும். வெறுமனே திறந்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். எதற்காக மூடியது என்பது லாக்கில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

சித்திரையில் இடியோடு ஒரு கோடை மழை, ஐப்பசியில் அடைமழை, அடுத்த நாள் நாலைந்து போர்ட் ஒன்றாகச் செத்துக் கிடந்தால் யோசிக்கவே வேண்டாம், கேபிள் வழியாக மின்னலின் அதிர்ச்சி பாய்ந்திருக்கிறது. ஆலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே வெட்டவெளியில் தாமிரக் கேபிள் தொங்குகிற இடத்தில் இது வருடா வருடம் நடக்கும். போர்ட்டை மாற்றி மாற்றிச் செருகுவதில் பயனில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போட்டு இரு முனையிலும் கன்வர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, விஷயம் அத்தோடு தீர்ந்தது.

லைட் எரிகிறது, ஆனால் எல்லாம் இழுவை

இங்கேதான் அதிக நேரம் போகும். முதலில் லிங்க் என்ன வேகத்தில் எழும்பியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்விட்சும் கம்ப்யூட்டரும் 1000 எம்பிபிஎஸ் தரக்கூடியவை, ஆனால் 100 என்று காட்டுகிறது என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். 1000க்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ ஒரு கம்பி விட்டுப் போயிருந்தால் சில மெஷின்கள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். சில லிங்க் எழும்பாமலே தவிக்கும். விடுதியாக மாறிய வீடுகளில் இதற்கு அணில்தான் முதல் குற்றவாளி. ஓட்டுக்கூரை விளிம்போடு ஓடும் கேபிளை நடுவில் ஓரிடத்தில் மட்டும் கொறித்து வைத்திருக்கும்.

அடுத்தது நீளம். ஒரு கேபிள் முனைக்கு முனை 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதில் சுவருக்குள் ஓடுவது 90, இரு பக்கமும் சேர்த்துப் பேட்ச் கார்டு 10. நம்மூர்ச் செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பில் தொடங்கி, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய் அடுத்த தெருவில் முடியும். தரையில் நடந்து அளந்தால் 70 மீட்டர்தான் இருக்கும். ஆனால் ஒயர் நடந்து போவதில்லையே! சுண்ணாம்புச் சுவரைத் துளைக்கக்கூடாது, ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்க்கக்கூடாது என்பதால் ஒவ்வொரு கட்டிலும் மேலே ஏறி, சுற்றிவந்து, கீழே இறங்கும். கடைசியில் 115 மீட்டர் ஆகியிருக்கும். நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

கேபிளின் தரத்தையும் பாருங்கள். விலை குறைவு என்று வாங்கும் சுருள்களில் பல, அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியவை. பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மின்தடை அதிகம், வளைத்தால் சட்டென்று ஒடியும். அதே கேபிளில் கேமராவுக்குக் கரண்டும் அனுப்பினால், பகலில் ஓடும் கேமரா இரவில் அகச்சிவப்பு விளக்கைப் போட்டதும் அணைந்து அணைந்து எரியும்.

அப்புறம் கிரிம்பிங், அதாவது கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது. ஒரு தம்பி என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்தான். அவன் போட்ட ஒரு கேபிள் மேஜை மேல் வைத்துப் பார்த்தபோது அருமையாக ஓடியது. அறுபது மீட்டர் தள்ளிப் போட்டதும் லிங்க் எரிகிறது, பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் தொங்குகிறது. "டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரிஞ்சுச்சேண்ணே" என்றான். எரிந்தது உண்மைதான். அவன் இரு பக்கமும் ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று ஜோடி ஜோடியாக அடுக்கிச் செருகியிருந்தான். முந்நூறு ரூபாய் டெஸ்டர், ஒன்றாவது கம்பி அந்தப் பக்கம் ஒன்றாவது இடத்துக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். மூன்றும் ஆறும் ஒரே முறுக்கில் வந்த ஜோடியா என்று பார்க்காது. முறுக்குதான் இரைச்சலை அடக்குகிறது. ஜோடி பிரிந்தால் கிட்டத்தில் தெரியாது, தூரத்தில் போட்டதும் சிஆர்சி பிழை (தரவு வழியில் சிதைந்ததன் கணக்கு) குவியும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இந்த வரிசையை இரு முனையிலும் வையுங்கள். பச்சை ஜோடி ஏன் நீலத்தைத் தாண்டி உட்காருகிறது என்று கேட்பவர்களுக்கு, மூன்றும் ஆறும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பதுதான் பதில்.

கேபிள் சுத்தமாக இருந்தும் இழுவையென்றால் டூப்ளெக்ஸைப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் ஃபுல், மாறி மாறிப் பேசினால் ஹாஃப். புதுவயலில் ஒரு அரிசி ஆலை. லாரி எடை போடும் வே பிரிட்ஜ் கம்ப்யூட்டரில் பிங் (எதிர்முனை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) அடித்தால் பதில் வருகிறது, ஆனால் எடைச் சீட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம். யாரோ எப்போதோ அந்த மெஷினில் வேகத்தை '100 ஃபுல்' என்று கையால் பூட்டி வைத்திருந்தார்கள். ஸ்விட்ச் போர்ட் ஆட்டோவில் இருந்தது. ஒரு பக்கம் பேச்சுவார்த்தைக்கே வராவிட்டால், ஆட்டோவில் இருக்கும் பக்கம் வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸில் உட்கார்ந்துவிடும். ஒருவர் இடைவிடாமல் பேச, மற்றவர் எதிராளி நிறுத்தட்டும் என்று காத்திருக்கிற கதை. ஸ்விட்ச் கணக்கில் 'லேட் கொலிஷன்' (தாமதமாக நடக்கும் மோதல்) ஏறிக்கொண்டே போனால் இதுதான் நோய். இரு பக்கமும் ஆட்டோவில் விடுங்கள், போதும்.

மோட்டார் ஓடும்போது மட்டும் பிழை ஏறினால், மின்கேபிளோடு சேர்த்துக் கட்டிய நெட்வொர்க் கேபிளைப் பிரித்துத் தள்ளிப் போடுங்கள்.

ஐபி 169.254 என்று தொடங்குகிறது

கமாண்ட் திரையில் ஐபிகான்ஃபிக் அடித்துப் பார்க்கும்போது 169.254 என்று கண்ணில் பட்டால் ஒன்று நிச்சயம். கம்ப்யூட்டர், முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஹெச்சிபியிடம் ஐபி கேட்டது, பதில் வரவில்லை, தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது. ஏன் பதில் வரவில்லை என்பதற்கு நாலைந்து காரணம் உண்டு. அவற்றைப் பிரிக்க ஒரே ஒரு சோதனை போதும். அந்த நெட்வொர்க்கில் யாரும் பயன்படுத்தாத ஒரு ஐபியைக் கையால் போட்டு கேட்வேயை பிங் செய்யுங்கள். பதில் வந்தால் கேபிளும் போர்ட்டும் நல்லபடி இருக்கின்றன, டிஹெச்சிபியில்தான் கோளாறு. வராவிட்டால் போர்ட் தவறான வீலானில் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இருக்கலாம், அல்லது போர்ட் இன்னும் கதவைத் திறக்கவில்லை. சோதனை முடிந்ததும் மறக்காமல் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டு வந்து, ஆறு மாதம் கழித்து என் தலையிலேயே விடிந்ததும் உண்டு.

டிஹெச்சிபி பக்கம் என்றால், சர்வர் ஓடுகிறதா என்று பார்த்த கையோடு எத்தனை முகவரி மிச்சம் என்று பாருங்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு விடுதியில் கல்யாண நாளன்று வரவேற்பு மேஜை பில்லிங் மெஷின் படுத்துவிட்டது. ஒயரில் ஒரு குறையும் இல்லை. வைஃபைக்கும் ஒயருக்கும் ஒரே முகவரித் தொகுப்பு, மொத்தம் 254. லீஸ் காலம், அதாவது ஒரு முகவரியை ஒருவருக்கே ஒதுக்கி வைக்கும் காலம், எட்டு நாள். முதல் நாள் வந்த மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போயும் அவர்கள் போன்களின் பெயரில் முகவரிகள் பத்திரமாக ஒதுக்கப்பட்டே கிடந்தன. போனவர்களின் ஒதுக்கீட்டை அழித்து, லீஸை இரண்டு மணி நேரமாகக் குறைத்து அன்றைய பொழுதை ஓட்டினேன். பந்தி முடிந்த பிறகு விருந்தினர் வைஃபையைத் தனி வீலானுக்குத் தள்ளினேன்.

லைட் எரிந்து அரை நிமிடம் கழித்துத்தான் எதுவுமே நகர்கிறது என்றால் அது ஸ்பேனிங் ட்ரீ, ஸ்விட்சுகளுக்குள் சுற்றுவழி உண்டாகாமல் தடுக்கும் ஏற்பாடு. பழைய முறையில், புதிதாக எழும்பிய போர்ட் 15 நொடி கேட்டுவிட்டு, இன்னொரு 15 நொடி கற்றுக்கொண்டு, பிறகுதான் வழிவிடும். அதற்குள் கம்ப்யூட்டர் கேட்டுக் கேட்டு ஓய்ந்து 169.254க்குப் போய்விடலாம். கம்ப்யூட்டர் மட்டுமே செருகும் போர்ட்டுகளில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். இன்னொரு ஸ்விட்ச் செருகும் போர்ட்டில் போட்டுவிடாதீர்கள்.

ஐபி வந்திருக்கிறது, ஆனால் அது நம்முடையது இல்லை

நம் நெட்வொர்க் 10.20 என்று தொடங்க, ஒரு மெஷினில் மட்டும் 192.168.1 என்று வந்தால் உள்ளே இன்னொரு டிஹெச்சிபி உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் யாராவது வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை ரூட்டர், லேன் துளையில் செருகப்பட்டிருக்கும். எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று காட்டும் ஏஆர்பி பட்டியலை அந்த மெஷினிலேயே பாருங்கள். பொய் கேட்வேயின் மேக் முகவரி (கருவிக்கே உரிய அடையாள எண்) கிடைக்கும். அதை ஸ்விட்சின் மேக் அட்டவணையில் தேடினால் எந்த போர்ட் என்று தெரிந்துவிடும். அந்த போர்ட்டின் மறுமுனையை நடந்துபோய்ப் பிடியுங்கள். மறுபடி நடக்காமலிருக்க, அனுமதியில்லாத டிஹெச்சிபியின் பதிலைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டுவிடுங்கள்.

இதன் சிறிய தம்பி ஐபி மோதல். பிரிண்டருக்குக் கையால் ஒரு ஐபி போட்டிருப்பார்கள், அது டிஹெச்சிபி கொடுக்கும் வரம்புக்குள்ளேயே இருக்கும். பிரிண்டர் அணைந்திருக்கும்போது அதே முகவரி வேறொரு மெஷினுக்குப் போய்விடும். அப்புறம் இருவரில் யாருக்கு வேலை நடக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நின்றது, ஸ்விட்ச் லைட்டெல்லாம் வெறிபிடித்த மாதிரி மின்னுகிறது

லூப். ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே நெட்வொர்க்கில் செருகியிருக்கிறது. ஒவ்வொரு கேபிளாக உருவுங்கள். எதை உருவியதும் மின்னல் அடங்குகிறதோ அந்தத் தடத்தில்தான் சங்கதி. பள்ளத்தூரில் ஒரு வீட்டு முகப்பில் நடக்கும் அலுவலகத்தில் இப்படி உருவிக்கொண்டே போய், மேஜைக்கடியில் இருந்த எட்டு போர்ட் குட்டி ஸ்விட்சில் போய் நின்றேன். ஒரே மஞ்சள் ஒயர், இரண்டு துளை. பட்டாலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி சொன்னார்கள். "பொங்கலுக்கு வெள்ளையடிச்சோம்ல தம்பி, அது தரையில தொங்கிக்கிட்டு கெடந்துச்சு. நாந்தான் எடுத்து ஓட்டையில செருகி வைக்கச் சொன்னேன்." வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பவர்களை என்ன சொல்ல முடியும்? லூப்பைக் கண்டுபிடித்து போர்ட்டை மூடும் வசதியுள்ள ஸ்விட்சாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். நெட்வொர்க் வழியாகப் பேசும் டேபிள் போனில் இருக்கும் இரண்டு துளையையும் சுவரில் செருகினாலும் இதே கூத்துதான்.

அடையாளம் கேட்கும் நெட்வொர்க்கில் உள்ளே விடவில்லை

கல்லூரி, வங்கி போன்ற இடங்களில் ஒயரைச் செருகினாலே போதாது. 802.1எக்ஸ் முறையில் ஸ்விட்ச் வாசலில் நிறுத்தி, அடையாளத்தைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். இங்கே மூன்று இடத்தில் சாட்சி இருக்கும். மூன்றையும் ஒரே நேரத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று ஸ்விட்ச் லாக். இரண்டு, கம்ப்யூட்டரின் ஈவன்ட் வியூவரில் வயர்டு ஆட்டோகான்ஃபிக் என்ற பகுதி. மூன்று, ரேடியஸ் சர்வர். விண்டோஸ் சர்வர் என்றால் லாக்கில் 6272 என்ற எண் அனுமதித்தது, 6273 மறுத்தது. மறுப்புக்குள்ளேயே காரண எண் இருக்கும். சர்வரில் இரண்டுமே இல்லையென்றால் கேள்வி அங்கே போய்ச் சேரவே இல்லை, அல்லது ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் இடையிலான ரகசியச் சொல் பொருந்தவில்லை, அல்லது பேச்சு பாதியில் அறுந்துவிட்டது.

ஒரு கல்லூரி லேபில் கோடை விடுமுறை முடிந்து திறந்த அன்று அறுபது மெஷினில் பதினொன்று மட்டும் உள்ளே வரவில்லை. எல்லாருக்கும் என்றால், சர்வர் தன்னை யாரென்று நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கும் என்று அங்கே போயிருப்பேன். பதினொன்று என்பதால் மெஷினில் உட்கார்ந்தேன். திரையின் வலது மூலையில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. இரண்டு மாதம் கரண்ட் இல்லாமல் கிடந்ததில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பழைய காலத்துக்குப் போய்விட்டது. அந்தத் தேதியில் பார்த்தால் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் கம்ப்யூட்டரே சர்வரை நம்ப மறுத்துவிட்டது. நெட் இருந்தால் தேதி தானாகச் சரியாகும், தேதி சரியாக இருந்தால்தான் நெட் வரும்! தேதியைக் கையால் மாற்றி, நாணய அளவு பேட்டரி பதினொன்று வாங்கிப் போட்டோம்.

விண்டோஸில் ஒயர் இணைப்புக்கான அந்த வயர்டு ஆட்டோகான்ஃபிக் சர்வீஸ் தானாகத் தொடங்காது. ஃபார்மட் செய்த மெஷின் மட்டும் உள்ளே வரவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். அதேபோல், அடையாளம் சொல்லத் தெரியாத பிரிண்டரை மேக் முகவரி பார்த்து உள்ளே விடும்படி அமைத்திருப்பார்கள். சிஸ்கோ ஸ்விட்சில் எதையும் மாற்றாமல் விட்டால், 30 நொடிக்கு ஒருமுறை மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்த வழிக்கு வரும். அந்த 90 நொடியில் பிரிண்டர் ஐபி கேட்பதையே நிறுத்தியிருக்கும்.

பிங் போகிறது, வெப்சைட் திறக்கவில்லை

கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங் அடித்துப் பதில் வந்து, பெயரை அடித்தால் மட்டும் வராவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில். பெயருக்கு ஐபி கிடைக்கிறதா என்று காட்டும் என்எஸ்லுக்கப் கட்டளையை அடித்துப் பாருங்கள். யாராவது கையால் போட்ட பழைய டிஎன்எஸ் முகவரி இருக்கும், எடுத்துவிடுங்கள்.

விட்டு விட்டு வருகிறது

நாம் போகும்போது ஒழுங்காக ஓடும், திரும்பி வந்ததும் படுக்கும். இதை நேரில் போய்ப் பிடிக்க முடியாது, கண்காணிப்புதான் வழி. எனக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். அதை யூபிஎஸ்ஸில் போட்டு, எல்லா ஸ்விட்சும் தங்கள் லாக்கை அதற்கு அனுப்பும்படி வைத்துவிடுவேன். அப்போது யார் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் தடயம் அழியாது. ஸ்விட்சுகளின் கடிகாரம் ஒன்றாக இருக்கும்படி என்டிபியும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் சொல்லும். போர்ட்டுக்கு 'முகப்பு மேஜை', 'வளவு கிழக்கு' என்று பெயர் வைத்துவிடுங்கள். 'போர்ட் 17' என்றால் இரவு பதினோரு மணிக்கு யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. பிழை எண்ணிக்கையில் மொத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

போன வருடம் ஒரு பழைய வீட்டில் இப்படி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து லாக்கைத் திறந்தேன். யாரும் புகார் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் கட்டுக்குப் போகும் லிங்க் தினமும் இரவு 9:30, 9:45 வாக்கில் விழுகிறது, விடியற்காலை 5:15, 5:30 வாக்கில் எழுகிறது. ஏழு நாளும் அப்படியே. கரண்ட் போகவில்லை, ஸ்விட்ச் மறுபடி தொடங்கவும் இல்லை. இரவில் அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் ஏதும் ஓடாது, கேமரா மட்டும்தான். ரெக்கார்டரைத் திறந்து பார்த்தால் பின்கட்டு கேமராக்களில் இரவுப் பதிவு ஒன்றுகூட இல்லை.

அன்று இரவு அங்கேயே உட்கார்ந்தேன். 9:40க்குக் காவல்காரர் வந்து இரண்டாம் கட்டின் தேக்குக் கதவை இழுத்து மூடித் தாழ் போட்டார். கையிலிருந்த லேப்டாப்பில் லிங்க் விழுந்தது. கதவைத் திறக்கச் சொன்னேன், எழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், கதவு சுழலும் குடுமிப் பக்கத்து இடுக்கில் கேபிள் நசுங்கி, ஆரஞ்சுக் கம்பி ஒரு நூல் கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவை மூடினால் பிரியும், திறந்தால் தொட்டுக்கொள்ளும். கதவு நிலையில் துளை போடக்கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொன்னதால், மூன்று வருடத்துக்கு முன்னால் கேபிளை அந்த இடுக்கில் கொண்டுபோனது நானேதான். மறுநாள் நிலைக்கு மேலே இருக்கும் கம்பிச் சாளரம் வழியாகத் தூக்கிப் புதிதாக ஓட்டினேன். ஆறு மீட்டர் கூடுதலாகப் பிடித்தது. கூலி வாங்கவில்லை.